ஏழு நிமிடம் அந்தப் பக்கம்

சீட்டை எடுத்தது நான்தான். நான்காக மடித்திருந்த தாளைப் பிரித்துப் பார்த்தால் ‘ஒட்டி’ என்றிருந்தது. வெண்பலகையில் அன்றைய தலைப்பை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள்: ‘மஸ்ஜித் இந்தியா ஆலயம் இடம் மாறுவதே சரி.’

அன்று 2025 மார்ச் 22, சனிக்கிழமை. எங்கள் பல்கலைக்கழக விவாதக் கழகத்தின் வாராந்திரப் பயிற்சி. அந்த வாரம் முழுக்க என் கைப்பேசியில் வேறு பேச்சே இல்லை. குடும்பப் புலனக் குழுவில் பெரியப்பா, அத்தை, மாமா எல்லாரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் பங்குக்குக் கொதித்தேன். வந்ததையெல்லாம் பகிர்ந்தேன். முன்பின் தெரியாத ஒருவரோடு டிக்டாக்கில் இரவு ஒரு மணி வரை சண்டை போட்டேன். இப்போது அதே வாயால், ஆலயம் நகரத்தான் வேண்டும் என்று ஏழு நிமிடம் பேச வேண்டும்.

எங்கள் கழகத்தில் இந்த விஷயத்தில் விதி ஒன்றுதான். சீட்டில் எது வருகிறதோ அதுதான் உங்கள் கட்சி. மாற்றித் தரச்சொல்லிக் கேட்கக் கூடாது. அன்று அந்த விதி உடைந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விவகாரம் மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாக: ஜாலான் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் இருக்கும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்துக்கு வயது சுமார் 130 என்கிறார்கள். அது நின்ற நிலத்தை 2014-இல் கோலாலம்பூர் மாநகர் மன்றத்திடமிருந்து ஜேக்கல் என்ற துணி வணிக நிறுவனம் வாங்கியது. அங்கே பள்ளிவாசல் கட்டுவது நிறுவனத்தின் திட்டம். மார்ச் 27-ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அடிக்கல் நாட்டப்போகிறார் என்ற செய்தி வெளியானதும் நாடு முழுக்கப் பேச்சு கிளம்பியது. அதே மாதத் தொடக்கத்தில்தான் ஏரா எஃப்எம் வானொலி அறிவிப்பாளர்கள் மூவர் காவடியாட்டத்தைக் கேலி செய்வதுபோல் ஆடிய காணொளி பரவி, நம் மக்கள் மனம் புண்பட்டிருந்தது. ஆறாத புண்ணின் மேல் இன்னோர் அடி.

இடமோ நமக்கு அந்நியமானதல்ல. மஸ்ஜித் ஜாமேக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தால் சேலை, வளையல், பூமாலை, தங்கம் எல்லாம் ஒரே வரிசையில். கிள்ளானிலிருந்து ரயில் ஏறி, தீபாவளிக்குத் துணி வாங்க அம்மாவோடு வருடா வருடம் வந்த தெரு அது. 2024 ஆகஸ்டில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணியை விழுங்கியதும் அதே தெருதான். அந்தத் தெருவைப் பற்றி எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தயாரிக்க அரை மணி நேரம்

நாங்கள் பேசுவது ஆசியப் பாராளுமன்ற பாணி. அணிக்கு மூவர், தயாரிக்க அரை மணி நேரம், ஆளுக்கு ஏழு நிமிடம். எங்கள் அணியில் சட்டம் படிக்கும் தோழி ஒருத்தி இருந்தாள். நான் கணக்கியல். மூன்றாவது ஆள் என் அறைத்தோழி. அவள் சீட்டைப் பார்த்த உடனே எழுந்துவிட்டாள்.

“என்னால முடியாது. எங்க பாட்டி அந்தக் கோயில்லதான் எனக்குப் பேர் வெச்சாங்க. விளையாட்டுக்குக்கூட நான் அப்படிப் பேச மாட்டேன்.”

அறை அமைதியாகிவிட்டது. விதி விதிதான் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், அல்லது கழகத்தை விட்டே போயிருப்பாள். எங்களுக்குப் பயிற்சி தரும் சீனியர் அண்ணன் சற்று யோசித்துவிட்டு, “சரிம்மா, நீ பேச வேண்டாம். நடுவரா உக்காரு. உன் இடத்துல நான் பேசறேன்,” என்றார். அவள் நடுவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கையில் பேனா, முகத்தில் கோபம் குறையவில்லை.

முதல் பத்து நிமிடம் எனக்கு எதுவுமே ஓடவில்லை. ஒட்டிப் பேச ஒரு காரணம்கூட மனத்தில் இல்லை. இருந்ததெல்லாம் நான் டிக்டாக்கில் கிண்டல் செய்த காரணங்கள். சட்டம் படிப்பவள்தான் ஆரம்பித்து வைத்தாள். நம் நாட்டு நில முறைக்கு ‘டோரன்ஸ்’ முறை என்று பெயராம். 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் கொண்டு வந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அதற்குப் பின்னால் போய்ப் பழங்கதை தோண்ட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை அவள் காட்டினாள். பிரிவு 48-இன்படி அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் உரிமை பிறக்காது. பிரிவு 341-இன்படி தனியார் நிலத்திலும் அதே கதைதான். வேறு சில நாடுகளில் ஒரு நிலத்தைப் பன்னிரண்டு வருடம் தடையில்லாமல் அனுபவித்துவிட்டால் வழக்காடி உரிமை கேட்கலாம். இங்கே நூறு வருடம் ஆனாலும் முடியாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘130 வருடக் கோயில்’ என்பது நான் அந்த வாரம் முழுக்க எல்லாரிடமும் காட்டிய ஒரே துருப்புச்சீட்டு. சட்டத்தின் முன் அந்த எண்ணுக்குத் தனியாக ஒரு எடையும் இல்லை என்பது எதிர்த்தரப்பில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எழுத வந்தது. வயதை மட்டும் வைத்து உரிமை கொடுத்தால் எந்த வயதில் கோடு கிழிப்பது? நூறா, ஐம்பதா? கோடு கிழிக்கும் அதிகாரம் யாருக்கு? நாளை ஓர் அரசியல்வாதிக்குப் பிடித்தவர் மட்டும் ‘பழமை’ ஆகிவிட மாட்டாரா? பணம் கொடுத்து வாங்கியவர் பத்து ஆண்டுக்கு மேல் கட்டாமல் காத்திருக்கிறாரே, அவர் செய்த குற்றம் என்ன? பக்கத்திலேயே வேறு இடம் கொடுத்து, அங்கே உறுதியான பத்திரமும் கிடைத்தால், பத்திரமே இல்லாமல் ஒவ்வொரு தலைமுறையும் பயந்துகொண்டிருப்பதைவிட அது நல்லதில்லையா?

கடைசிக் கேள்வியை எழுதும்போது, இது வெறும் வாதத்துக்காக எழுதியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கே அதில் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

எதிரணியில் நோன்பாளி

வெட்டிப் பேசிய அணியின் முதல் பேச்சாளர் ஒரு தமிழ் முஸ்லிம் நண்பன். அவனுடைய மாமாவுக்கு மஸ்ஜித் இந்தியாவில் கடை இருக்கிறது. காலையிலிருந்து நோன்பு, ஏழு நிமிடமும் தொண்டை நனைக்க முடியாது. அவனுக்குச் சீட்டில் வந்தது ‘ஆலயம் அங்கேயே இருக்க வேண்டும்’. எங்கள் இரண்டு பேருடைய கட்சியும் அப்படியே இடம் மாறி வந்திருப்பதைப் பார்த்துக் கூட்டத்தில் லேசான சிரிப்பு.

அவன் சிரிக்கவில்லை. தெருவின் பெயரிலிருந்து தொடங்கினான். மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசல் 1863-இல் இந்திய முஸ்லிம்கள் தொடங்கியது. இன்றும் வெள்ளிக்கிழமைக் குத்பா அங்கே தமிழில் ஒலிக்கிறது. “அப்படிப்பட்ட தெருவில் நடக்கும் ஒரு நிலத்தகராறு, ‘தமிழர்கள் எதிர் முஸ்லிம்கள்’ என்று எப்படி ஆனது? அப்போது நான் யார்?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு எங்கள் அணியில் யாரிடமும் பதில் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னுடைய புலனச் செய்திகளில் குறைந்தது நான்கு, அவன் யாரென்று கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் எழுதியவை.

அடுத்து அவன் நாங்கள் கட்டிய சட்டச் சுவரை இடிக்க வந்தான். நிலச் சட்டம் 1965-இல் வந்தது. கோயில் அதற்கு முன்பே இருக்கிறது. தோட்டத்திலும் ரயில் பாதையிலும் பொதுப்பணித் துறையிலும் வேலை செய்ய அழைத்து வரப்பட்டவர்கள் அங்கங்கே சூலம் நட்டும் கல் வைத்தும் கும்பிட்டபோது, யாரும் அவர்களிடம் பத்திரம் கேட்கவில்லை; யாரும் கொடுக்கவும் இல்லை. பத்திரம் வாங்கும் நிலையில் இல்லாதவர்களிடம் இன்று பத்திரம் எங்கே என்று கேட்பது நியாயமா? கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது விதி ஒவ்வொரு சமயக் குழுவும் தன் காரியங்களைத் தானே நடத்தவும், சொத்து வைத்திருக்கவும் உரிமை தருகிறது. அந்த உரிமை தாளில் மட்டும் இருந்தால் போதுமா?

பிறகு அந்தக் கேள்வி வந்தது. “2014-இல் அந்த நிலத்தை விற்றபோது அதன்மேல் கோயில் இருந்தது. விற்றவர் கண்ணுக்கும் தெரியும், வாங்கியவர் கண்ணுக்கும் தெரியும். கோயில் நிற்கும் துண்டை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மீதியை விற்றிருக்கலாமே?”

வழக்கறிஞர்கள் சிலரும் அப்போது வெளியே இதே கேள்வியை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நான் பார்த்த சமூக ஊடகச் சண்டைகளில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. அங்கே இருந்தது கோயிலா பள்ளிவாசலா என்ற கேள்வி மட்டும்தான்.

நான் பேசினேன். சுமாராகப் பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். விற்றவர் செய்த தவற்றை வாங்கியவர் தலையில் சுமத்தலாமா என்று கேட்டேன். அதற்குக் கைதட்டல் வந்தது. குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது. அது பயத்தால் இல்லை.

தோழியின் தீர்ப்பு

பேச மறுத்தவள்தான் தீர்ப்புச் சொன்னாள். இத்தனை மாதப் பயிற்சியில் நான் கேட்ட ஆகச் சிறந்த தீர்ப்பு அதுதான். தன் பாட்டியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. இரண்டு அணியும் எதில் உடன்படுகிறார்கள் என்று முதலில் பட்டியல் போட்டாள். கோயில் பழையது; இரண்டு அணியும் ஒப்புக்கொள்கிறது. வாங்கியவரிடம் பத்திரம் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறது. வழிபாடு நிற்கக் கூடாது, அதையும்தான். “அப்படின்னா சண்டை எதுல?” என்று கேட்டுவிட்டு, அவளே சொன்னாள்: பத்திரம் வாங்க வழியில்லாத காலத்தில் உண்டான ஓர் இடத்துக்கு, பொது நிலத்தைக் காக்கும் அமைப்பு எந்த அளவு கடமைப்பட்டிருக்கிறது? இதுதான் தலைப்பின் முடிச்சு. அதன் அருகில் போனது வெட்டிய அணி. எனவே வெற்றி அவர்களுக்கு. ஒட்டிய அணி வாங்கியவரை நன்றாகப் பாதுகாத்தது, ஆனால் விற்றவரைத் தொடவே இல்லை.

நாங்கள் தோற்றோம். எனக்கு அது மகிழ்ச்சியாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அன்று மாலை நோன்பு திறக்கும் நேரத்தில் கழகத்தினர் எல்லாரும் மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் ஒரு விளையாட்டு வைத்தார். வாதத்தில் ஒரே ஒரு பெயர்ச்சொல்லை மாற்றிவிட்டு, அது அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னைக் கேட்டார்: “அந்த இடத்துல பள்ளிவாசலுக்குப் பதிலா வாகன நிறுத்துமிடம் கட்டறாங்கன்னு வெச்சுக்க. அப்பவும் கோயில் அங்கேயே இருக்கணும்னு சொல்வியா?” சொல்வேன். “அப்ப உன் வாதத்துல பள்ளிவாசலுக்கு என்ன வேலை? அதை எடுத்துடு.” அடுத்து ஒட்டிப் பேசுகிறவர்களின் பக்கம் திரும்பினார். “நிலத்தை வாங்கினது ஒரு தங்கும்விடுதி முதலாளி, கோயில் இருந்த இடத்துல இருக்கறது ஒரு பழைய சூராவ். அப்பவும் பத்திரம்தான் பேசும்னு சொல்வீங்களா?” யாரும் உடனே பதில் சொல்லவில்லை. தே தாரிக் ஆறிப்போனது.

அந்த விளையாட்டின் மூலம் அமெரிக்காவில் இருக்கிறது என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. 1979-இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் 48 மாணவர்களைக் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் மரண தண்டனையை ஆதரிப்பவர்கள், பாதிப் பேர் எதிர்ப்பவர்கள். எல்லாருக்கும் ஒரே இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்றது, மற்றது குறைக்கவில்லை என்றது. படித்து முடித்ததும் இரு தரப்பும் நடுவுக்கு வரும் என்று நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. தனக்குப் பிடித்த ஆய்வு நன்றாகச் செய்யப்பட்டது, பிடிக்காதது ஓட்டை என்று சொல்லி, இரண்டு தரப்பும் பழைய நிலையில் இன்னும் இறுகிப்போனது. என் டிக்டாக் இரவுகளுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

1984-இல் லார்டும் லெப்பரும் இன்னொருவரோடு சேர்ந்து அதைத் தொடர்ந்தார்கள். சிலரிடம், நீதிபதிபோல் பாரபட்சமில்லாமல் படியுங்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். பயனில்லை. வேறு சிலரிடம், ‘இதே ஆய்வு எதிர்மாறான முடிவைச் சொல்லியிருந்தால் இதே மதிப்பெண் கொடுத்திருப்பீர்களா?’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் தங்களையே கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அது வேலை செய்தது. ‘திறந்த மனத்தோடு இரு’ என்று பள்ளியில் நமக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! அப்படிச் சொல்வதால் மட்டும் ஆகப்போவது ஒன்றுமில்லை. பெயர்ச்சொல்லை மாற்றிப் பார்ப்பது போன்ற ஒரு வேலையைக் கையில் கொடுக்க வேண்டும்.

சில சொற்களையும் அன்றைக்கே நான் கைவிட்டேன். அவர்கள் தரப்பில் ‘சட்டவிரோதக் கோயில்’ என்றார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு விவாதிக்க எதுவும் மீதமில்லை. நம் தரப்பில் ‘கோயிலை உடைக்கிறார்கள்’ என்றோம். அந்த வாரம் யாரும் எதையும் உடைக்கவில்லை. ‘பதிவுப் பத்திரம் இல்லாத, நெடுங்காலமாக உள்ள கோயில்’ என்று எழுதினால் உப்புச் சப்பில்லாமல்தான் இருக்கும், யாரும் பகிர மாட்டார்கள். ஆனால் இரண்டு பேரும் அந்தச் சொல்லை வைத்துப் பேச்சைத் தொடங்க முடியும்.

மூன்று நாள் கழித்து, மார்ச் 25-ஆம் தேதி, இணக்கம் ஏற்பட்டுவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. ஆலயம் ஏறக்குறைய 50 மீட்டர் தள்ளி வேறு இடத்துக்கு மாறும். புதிய இடம் ஆலயத்துக்கென முறைப்படி ஒதுக்கப்படும். ஆலய நிர்வாகம் ஒப்புக்கொண்டது. 27-ஆம் தேதி பிரதமர் பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டினார். எங்கள் குடும்பக் குழுவில் சிலருக்கு நிம்மதி, பெரியப்பாவுக்கு மட்டும் கோபம். “இன்னைக்கு அம்பது மீட்டர். நாளைக்கு?” என்று எழுதினார். நிம்மதி அடைந்தவர்களும் கோபப்பட்டவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். என்னிடம் கேட்டால், பத்திரத்தோடு ஓர் இடம் கிடைத்தது நல்லது. 2014-ஆம் ஆண்டுக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே கதவு சாத்தப்பட்டது நல்லதல்ல. ஒரே நேரத்தில் இரண்டையும் நினைக்க முடிகிறது. மார்ச் 21-ஆம் தேதி அது என்னால் முடிந்திருக்காது.

வெளியே நடக்கும் விவாதம்

இதெல்லாம் குளிர்சாதன அறையில் நடக்கும் சொல் விளையாட்டு, வெளியே இதற்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். 2018 நவம்பர் 26 எனக்கு நினைவிருக்கிறது. படிவம் ஒன்று முடித்து, ஆண்டிறுதி விடுமுறை. சுபாங் ஜெயா, சீஃபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தில் விடியற்காலையில் கலவரம். அப்பா வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வாசலில் நின்றார். அங்கும் தோட்டக் காலத்துக் கோயில், கைமாறிய நிலம், 2014-இல் தரப்புகளின் ஒப்புதலோடு வந்த நீதிமன்றத் தீர்ப்பு, அதை ஏற்காத ஒரு பிரிவினர். ஆனால் அன்று புலனத்தில் வந்த செய்தி எல்லாம் இன்ன இனத்தார் இன்ன இனத்தாரை அடிக்கிறார்கள் என்பதுதான். பணியில் இருந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் படுகாயமடைந்து டிசம்பர் 17-ஆம் தேதி இறந்தார். அந்த நிலத்தின் கதை என்ன என்று எனக்குத் தெரிய ஏழு வருடம் ஆனது. அதுவும் மஸ்ஜித் இந்தியா தலைப்புக்குத் தயார் செய்தபோதுதான்.

நம் பள்ளிகளில் விவாதப் போட்டிக்குப் பஞ்சமில்லை. தலைப்புகளைப் பாருங்கள்: கைப்பேசி மாணவர்களுக்கு நன்மையா தீமையா, நகர வாழ்க்கையா கிராம வாழ்க்கையா. தீபாவளியன்று தொலைக்காட்சியில் பட்டிமன்றம். குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா. தாத்தாவோடு உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன், அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. ஆனால் பட்டிமண்டபம் என்ற சொல்லுக்குத் தமிழில் இதைவிடக் கனமான வரலாறு இருக்கிறது. மணிமேகலையில் பட்டிமண்டபம் ஏற அழைக்கப்படுபவர்கள் சமயவாதிகள். வஞ்சி நகரில் மணிமேகலை, அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி எல்லாரும் அந்த வரிசையில் உண்டு. காப்பியம் பௌத்தக் காப்பியம். முடிவு முன்பே தெரிந்ததுதான். என்றாலும் அவள் முதலில் எல்லாரையும் பேச விடுகிறாள்.

ஆசிரியர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது புரிகிறது. இனம், சமயம் என்றால் புகார் வரும். 1948-ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. ஆனால் பதினேழு வயது வரை கைப்பேசித் தலைப்பு மட்டுமே பேசிய மாணவன், எஸ்பிஎம் முடித்த மறுமாதம் மஸ்ஜித் இந்தியா போன்ற ஒன்றைக் கைப்பேசியிலேயே சந்திக்கிறான். அங்கே நேரக் காப்பாளர் இல்லை, நடுவர் இல்லை, சீட்டு இல்லை. அவனுக்குப் பிடித்த பக்கம் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும் தலைப்பாக்கலாம் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஓர் இனத்தார் மனிதரா, ஒரு மதத்தார் இந்த நாட்டில் இருக்கலாமா என்பதெல்லாம் தலைப்பே அல்ல. அதற்கு ‘இரண்டு பக்கம்’ வைத்தால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு தோழரின் இருப்பையே ஏலம் விடுகிறோம். காவடியைக் கேலி செய்யலாமா என்று எங்கள் கழகம் தலைப்பு வைத்ததில்லை, வைக்கவும் மாட்டோம். நிலத்தை என்ன செய்வது, சட்டத்தை எப்படி மாற்றுவது, யார் செலவை ஏற்பது, இவை வேறு வகை. இவற்றில் நல்லவர்களே இரண்டு பக்கமும் நிற்பார்கள்.

என் அறைத்தோழியின் மறுப்பைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். அவளுடைய பாட்டியின் கோயில் எனக்கு அன்று ஏழு நிமிடப் பயிற்சி. அந்த வித்தியாசம் சிறியதல்ல. எதிர்த்தரப்பைப் பேசிப் பார்ப்பது, இழக்கப் போகிறவரைவிட வேடிக்கை பார்ப்பவருக்கு எளிது. எனவே இப்போது எங்கள் கழகத்தில் விதி சற்று மாறியிருக்கிறது: காரணம் சொல்லாமலேயே ஒருவர் ஒதுங்கலாம், ஆனால் அறையை விட்டுப் போகக் கூடாது, நடுவராகவோ நேரக் காப்பாளராகவோ இருக்க வேண்டும். இதுவரை மூன்று பேர் ஒதுங்கியிருக்கிறார்கள்.

உங்கள் பள்ளியில் கழகம் இல்லையென்றால் நான்கு நண்பர்கள் போதும். அனடோல் ரபப்போர்ட் என்ற அறிஞர் 1960-இல் விவாதங்களைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வழி சொல்கிறார். மறுத்துப் பேசும் முன், எதிராளியின் கருத்தை அவரே ‘ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். வீட்டில் இதைப் பெரியப்பாவிடம் முயன்று பார்த்தேன். மூன்று முறை “இல்ல, நான் அப்படிச் சொல்லல” என்றார். நான்காவது முறை ஒப்புக்கொண்டார். அதற்குள் இரவு உணவு முடிந்துவிட்டது, நான் மறுப்பதற்கு நேரமே கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய கோபம் பள்ளிவாசல்மீது இல்லை, 1990-களில் தாங்கள் குடியிருந்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டதன்மீது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இருபது வருடமாக ஒரே குடும்பத்தில் இருக்கிறோம்.

அடுத்த வாரத் தலைப்பு ஏற்கெனவே அறிவித்தாகிவிட்டது: ‘எல்லா ஆரம்பப் பள்ளிகளும் ஒரே மொழிப் பள்ளிகளாக வேண்டும்.’ தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி செல்லுமா என்ற வழக்கில் 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நம் பள்ளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. இரண்டு தீர்ப்பையும் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். சீட்டு மீண்டும் என் கைக்குத்தான் வந்தது. மீண்டும் ‘ஒட்டி’.

அம்மா இருபத்திரண்டு ஆண்டாகத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.